98-இல் பிறந்தவர்களும் காணாமல் போன அரை மணியும்: பைதனில் நேர வலயப் பிழைகளைத் திருத்துவது

திருகோணமலை உவர்மலையில் என் பெரியப்பா ஜாதகக் குறிப்பு எழுதுகிறவர். கை நடுங்கத் தொடங்கியதும் கணக்குப் பகுதியை நான் பைதன் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தேன். பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் லக்கினமும் (அந்நேரம் கிழக்கில் உதிக்கும் ராசி) நட்சத்திரமும் திசை இருப்பும் (பிறக்கும்போது நடக்கும் கிரக திசையில் மிச்சமுள்ள காலம்) வரும். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் 1998-இல் திருகோணமலையில் பிறந்த பிள்ளை ஒன்றின் குறிப்பைத் தன் பழைய கொப்பியோடு வைத்துப் பார்த்தவர், "பிள்ளை, உன்ர பெட்டி கன்னி லக்கினம் எண்டு சொல்லுது. நான் அப்பவே சிங்கம் எண்டெல்லோ எழுதியிருக்கிறன்" என்றார்.

அவர்தான் சரி. நான் செய்த பிழையை இலங்கைத் திகதிகளோடு வேலை செய்யும் யாரும் செய்யலாம். உலக நேரத்தை (யூடிசி) விட 5 மணி 30 நிமிடம் கூட என்று ஒரு நிலையான வித்தியாசத்தை 'டைம்ஸோன்', 'டைம்டெல்டா' இரண்டையும் வைத்து ஒரு வரியில் எழுதி, எல்லாப் பிறப்புக்கும் அதையே போட்டிருந்தேன். இலங்கை நேரமோ எப்போதும் அப்படி இருக்கவில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளி 6:30 ஆக்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்னே இழுத்து 6:00. அது 2006 ஏப்ரல் 15 வரை நின்றது. உலகப் போர்க் காலத்திலும் இப்படித்தான்: 1942 ஜனவரி 5 முதல் 6:00, செப்டம்பரிலிருந்து 6:30, 1945 ஒக்டோபரில்தான் மீண்டும் 5:30. சீனக்குடாவில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9 அன்று பிறந்த ஒரு பாட்டியின் குறிப்புக்குக்கூட 5:30 பிழை.

அரை மணி பெரிய விஷயமா? வானம் அதற்குள் ஏழரைப் பாகை சுற்றிவிடும். ஒரு ராசி 30 பாகை. ஆக ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிவிடும். சுக்கிர திசையில் பிறந்தவருக்குத் திசை இருப்பில் ஐந்து மாதம் போல வித்தியாசம் வரும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

சரி, திருத்துவோம். பைதன் 3.9 முதல் நிலையான நூலகத்திலேயே 'ஸோன்இன்ஃபோ' என்ற தொகுதி இருக்கிறது. நிலையான வித்தியாசத்தை எடுத்துவிட்டு, 'ஏசியா/கொலம்போ' என்ற பெயரை ஸோன்இன்ஃபோவுக்குக் கொடுங்கள். திருகோணமலைக்கென்று தனிப் பெயர் கிடையாது, முழு நாட்டுக்கும் அது ஒன்றுதான். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் தரவாக இருக்கின்றன. லினக்ஸில் அந்தத் தரவு இயங்குதளத்தோடு வரும். பெரியப்பாவின் விண்டோஸ் கணினியில் வலயமே இல்லை என்று பிழை வந்தது, பைதனின் பொதி நிறுவியான 'பிப்' மூலம் 'டிஸெட்டேட்டா' பொதியை நிறுவியதும் போய்விட்டது.

பழைய பாடங்களைப் பார்த்து 'பைடிஸெட்' என்ற வெளி நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் வலயத்தை டேட்டைமின் (திகதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் பைதன் பொருள்) 'டிஸெட்இன்ஃபோ' இடத்தில் நேரே போட்டால் 1880-க்கு முந்திய கொழும்புச் சூரிய நேரம் ஒட்டிக்கொள்ளும், அதாவது 5 மணி 19 நிமிடம். இன்று பிறந்த குழந்தைக்கும் 11 நிமிடம் பிழை. அந்த நூலகத்தில் 'லோக்கலைஸ்' வழியாகத்தான் போகவேண்டும். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் அதைத் தொடவே வேண்டாம். (திருகோணமலையின் சொந்தச் சூரிய நேரம் 5 மணி 25 நிமிடத்துக்கு நாலு விநாடி குறைவு. பெரியப்பா கைக்கணக்கில் அந்த ஐந்து நிமிடத்தை மனதுக்குள்ளேயே கழிப்பார்.)

இவ்வளவும் செய்துவிட்டுக் கொப்பியோடு மறுபடி ஒப்பிட்டோம். 98-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் சரி. 1990-இல் பிறந்த நான் பிழை! முன்பு சரியாக இருந்தவர்கள் எல்லாரும் அரை மணி நகர்ந்துவிட்டார்கள். இரண்டு இரவு இதோடு போயிற்று.

காரணம் இதுதான். கிரகக் கணக்குக்கு 2000 ஜனவரி 1 நடுப்பகலிலிருந்து எத்தனை நாள் என்று கழித்துப் பார்க்கவேண்டும். அந்தத் தொடக்கத்தையும் அழகாகக் கொழும்பு நேரத்துக்கு மாற்றி, பிறந்த நேரத்திலிருந்து கழித்திருந்தேன். பைதனில் இரண்டு டேட்டைமுக்கும் ஒரே வலயம் என்றால் கழிக்கும்போது வித்தியாசத்தைப் பார்க்கவே பார்க்காது, சுவர் மணிக்கூட்டு எண்களை மட்டும் கழித்துவிடும். 2000-இல் நாங்கள் 6:00, 1990-இல் 5:30. அந்த அரை மணி சத்தமில்லாமல் விழுங்கப்பட்டது. இது பிழையில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. மருந்து எளிது: பிறந்த நேரத்துக்கு வலயத்தைக் கொடுத்த மறுவரியிலேயே 'ஆஸ்டைம்ஸோன்' கொண்டு உலக நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் அங்கே. கொழும்பு நேரம் திரையில் காட்டுவதற்கு மட்டும்.

அடுத்தது ரொறன்ரோ. அங்கே பிறந்த ஒரு பையனுக்குப் பொருத்தம் பார்க்க வந்தபோது நட்சத்திரமே ஒன்று பின்னால் நின்றது. குளிர்காலப் பிறப்பு, வித்தியாசம் கழித்தல் 5 மணி. பைதனின் டைம்டெல்டா அதை 'கழித்தல் ஒரு நாள், கூட்டல் 19 மணி' என்று வைத்துக்கொள்ளும். நான் அதன் 'செக்கண்ட்ஸ்' பகுதியை மட்டும் எடுத்து 3600-ஆல் வகுத்திருந்தேன், 19 வந்தது. பையன் ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டான். 'டோட்டல் செக்கண்ட்ஸ்' என்பதை அழையுங்கள், கழித்தல் குறியோடு சரியாக வரும். இலங்கையில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது, எங்கள் வித்தியாசம் எப்போதும் கூட்டல்தானே. அப்புறம் 'டைம்' தொகுதியில் இருக்கும் 'டைம்ஸோன்' எண் தலைகீழ்: இலங்கைக் கணினியில் கழித்தல் 19800 காட்டும். கிரீனிச்சுக்கு மேற்கே எத்தனை விநாடி என்பதுதான் அதன் கணக்கு. பழைய பிறப்புகளுக்கு அது எப்படியும் உதவாது.

இரண்டு முறை வந்த நேரத்தையும் கவனியுங்கள். 2006 வருஷப்பிறப்பு முடிந்த அந்த நள்ளிரவு, 12:30 ஆனதும் மணிக்கூடு மீண்டும் 12:00-க்குப் போனது. 12:10-க்குப் பிறந்தது என்றால் எந்த 12:10? டேட்டைமில் 'ஃபோல்ட்' 0 என்றால் முதலாவது, 1 என்றால் இரண்டாவது. வீட்டாரிடம் கேட்டுத்தான் போடவேண்டும். எதிர்ப்பக்கம், 1996 மே 25 அன்று நள்ளிரவு 12:00-க்கும் 1:00-க்கும் இடையில் நேரமே இல்லை. பைதன் முறையிடாமல் ஏற்றுக்கொள்ளும். உலக நேரத்துக்கு மாற்றித் திருப்பிக் கொண்டுவந்து பாருங்கள், கொடுத்த எண் திரும்பி வராவிட்டால் அது இல்லாத நேரம்.

சோதிக்க நான் வைத்திருக்கும் திகதிகள் இவை: 1942 ஏப்ரல் 9 என்றால் 6:00 வரவேண்டும், 1943-இல் 6:30, 1960-இல் 5:30, 1996 ஜூலை 6:30, 1998-இல் 6:00, 2006 ஏப்ரல் 14 நண்பகல் 6:00, ஏப்ரல் 16 அன்று 5:30. ஒவ்வொரு முறை நிரலைத் தொடும்போதும் ஏழும் ஓடும்.

ஒன்றை மட்டும் எந்த நூலகமும் தராது. 1996-க்குப் பிறகு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. வன்னியில் 1999-இல் பிறந்தவருக்கு அட்டையில் எழுதியிருப்பது 5:30 மணிக்கூடாக இருக்கலாம், தரவோ 6:00 என்று சொல்லும். அதற்காகப் படிவத்தில் 'பழைய நேரமா?' என்று ஒரு பெட்டி வைத்தேன். அதில் சரி போட்டால் ஸோன்இன்ஃபோவை விட்டு, முதலில் தூக்கியெறிந்த அந்த நிலையான 5:30 வரி ஓடும். அந்தப் பெட்டியை எந்தெந்தப் பெயருக்குப் போடுவது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால் 'ப.நே.' என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்.