பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதுவது செய்திக்குறிப்பு எழுதுவதல்ல

போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்குப் பதக்கம் கேட்பவருக்கு ஒரு வசதி உண்டு. நடந்தது ஒரு நாள், ஓர் இடம். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இருப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை. விமான விபத்து நடந்த இரவில் பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு விடியும்வரை பதில் சொன்ன மக்கள் தொடர்பு அதிகாரிக்கும் இல்லை. அவர்கள் செய்ததைத் தாளில்தான் நிலைநாட்ட வேண்டும். அமெரிக்கப் படைகளில் இத்தகைய பணிகளுக்கென்றே விருதுகள் இருக்கின்றன. ஆனால் பரிந்துரை எழுதுகிறவர்கள், குறிப்பாகச் செய்தி எழுதியே கை பழகியவர்கள், நன்றாகப் புகழ்ந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். படிக்கும் குழுவோ ஆதாரம் எங்கே என்று தேடும்.

விருதின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பைத் தொடங்குவதுதான் முதல் தவறு. பாதுகாப்பு அமைச்சர் வழங்கும் ‘தலைசிறந்த பொதுச் சேவைப் பதக்கம்’ சீருடையில் பணிபுரிபவருக்கு உரியதே அல்ல. பாதுகாப்புத் துறையின் நிரந்தர ஊழியரல்லாத குடிமக்கள், அரசியல் பொறுப்பில் இருப்பவர்கள், வெளிநாட்டவர் ஆகியோருக்கானது அது. துறையின் நிரந்தர சிவில் ஊழியர்களுக்கு வேறு பதக்கம் இருக்கிறது. படைத்தளத்தை அடுத்த ஊரில் வீரர்களின் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் உதவிய ஒரு வணிகருக்கு, இதே வரிசையில் கீழ்நிலையில் உள்ள பொதுச் சேவைப் பதக்கங்களில் ஒன்றைக் கேட்கலாம். அதே வணிகர் அந்தத் தளத்துக்குச் சரக்கு விற்கும் ஒப்பந்ததாரர் என்றால் நிலைமை வேறு. துறையோடு லாப உறவு உள்ளவர்களைக் கௌரவிக்கும் விஷயத்தில் விதிகள் கறாரானவை. ஒப்பந்தத்தில் உள்ள கடமையைத் தாண்டி, பொதுநலன் கருதியே அவர் அதைச் செய்தார் என்று காட்ட வேண்டியிருக்கும். இதைக் கடைசியில் கண்டுபிடித்துக் கையைப் பிசைவதைவிட முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது.

சீருடையில் இருப்பவர்களுக்கான இரண்டு பதக்கங்கள் அடிக்கடி குழப்பப்படுகின்றன. மனிதநேயச் சேவைப் பதக்கம் 1977 ஜனவரியில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் ஆணையால் வந்தது. 1975 ஏப்ரல் 1 முதலான பணிகளுக்குப் பொருந்தும். இது அங்கீகரிக்கப்பட்ட ஒரு மீட்பு அல்லது நிவாரண நடவடிக்கையில் நேரடியாகக் களத்தில் நின்றவர்களுக்கு உரியது. 2004 டிசம்பர் சுனாமி நிவாரணமும் 2005-ல் கத்ரீனா புயல் நிவாரணமும் அப்படி அங்கீகாரம் பெற்றவை. தொலைவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதே நிவாரணத்துக்காக இரவு பகலாகத் தொலைபேசியில் பேசியவருக்கு, அவர் உழைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்தப் பதக்கம் பொருந்தாது. அவருக்கு வேறு பாராட்டுப் பதக்கம் கேட்க வேண்டும்.

மற்றொன்று தன்னார்வச் சேவைப் பதக்கம். அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் பதவியை விட்டு இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 1993 ஜனவரி 9 அன்று, கையெழுத்திட்டு உருவாக்கியது. இதற்கான நிபந்தனைகள் தெளிவானவை: சேவை கடமைக்கு அப்பாற்பட்டதாக, ஊர்மக்களுக்குச் செய்ததாக இருக்க வேண்டும், குறிப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் பலனைத் தந்திருக்க வேண்டும், நீடித்ததாகவும் நேரடியானதாகவும் இருக்க வேண்டும், படைக்கு நற்பெயர் சேர்ப்பதாக இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பட்டாலியனே திரண்டுபோய்க் கரையோரக் குப்பையை அள்ளியது நல்ல காரியம்தான். ஆனால் அது ஒற்றை நிகழ்ச்சி. கமாண்டரின் உத்தரவுப்படி போனதென்றால் தன்னார்வம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கேதான் எழுத்தின் கோளாறு வெளிப்படுகிறது. ‘சமூகப் பணிகள் பலவற்றில் மிகுந்த ஆர்வத்தோடும் அர்ப்பணிப்போடும் ஈடுபட்டு அனைவரின் பாராட்டையும் பெற்றார்’ என்று ஒரு பரிந்துரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாருக்கு, எங்கே, எத்தனை காலம், என்ன ஆயிற்று? ஒன்றும் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை எந்தச் சிப்பாயின் கோப்பிலும் ஒட்டிவிடலாம். இதையே, ‘இரண்டு பள்ளி ஆண்டுகள் வாரம் ஒரு மாலை நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தார், அவரிடம் படித்த ஒன்பது பேரில் ஏழு பேர் தவறிய பாடத்தில் தேர்ச்சி பெற்றனர், பள்ளித் தலைமையாசிரியரின் கடிதமும் வருகைப் பதிவும் இணைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதிப் பாருங்கள். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மறுக்க வழியுமில்லை. அந்தக் கடிதத்தைச் சேவை நடக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் மாறிப்போன பிறகு யாரைத் தேடுவது?

அமெரிக்கத் தரைப்படையின் பரிந்துரைப் படிவம், எண் 638, இந்த விஷயத்தில் எழுதுகிறவருக்கே நண்பன். சாதனைகளைச் சொல்ல அதில் நான்கு கட்டங்கள்தான். பாராட்டுப் பதக்கம், சாதனைப் பதக்கம் போன்றவற்றுக்கான பாராட்டுரை ஆறு வரிக்குள் அடங்க வேண்டும். இடம் குறைவாக இருக்கும்போது ‘ஈடு இணையற்ற’ என்ற சொல் அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு உண்மையை வைக்கலாம் அல்லவா?

மக்கள் தொடர்புப் பணிக்கான பரிந்துரைகளில் இதே நோய் வேறு உருவில் வருகிறது. எத்தனை செய்திக்குறிப்புகள், எத்தனை புகைப்படங்கள், எத்தனை பேட்டிகள் என்று எண்ணிக்கை அடுக்கப்படும். அதெல்லாம் செய்த வேலையின் கணக்கு. அதனால் என்ன மாறியது என்பது வேறு கணக்கு. பயிற்சிச் சத்தம் பற்றி ஊர்மக்களிடமிருந்து வந்த புகார்கள் குறைந்தனவா? வெள்ள எச்சரிக்கை போய்ச் சேர்ந்து மக்கள் நேரத்தோடு வெளியேறினார்களா? சிலர் வெளியான செய்திகளின் பரப்பளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, இத்தனை லட்சம் டாலர் மதிப்புள்ள விளம்பரம் என்று போடுவார்கள். 2010-ல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டுத் துறையினரே இந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆய்வு, திட்டம், செயல், மதிப்பீடு என்ற நான்கு கட்டங்கள் இத்துறையின் அரிச்சுவடி. பரிந்துரைகளில் மூன்றாவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு முதலாவதையும் நான்காவதையும் விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் நிலைமை என்ன என்று அளந்திருக்காவிட்டால் முடிவில் மாற்றத்தைக் காட்ட முடியாது.

இன்னொரு வகைப் பெருமை பரிந்துரையை மட்டுமல்ல, எழுதியவரின் பெயரையும் கெடுத்துவிடும்: ‘பாதகமான செய்தி வெளிவராமல் திறமையாகத் தடுத்தார்.’ பாதுகாப்புத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட தகவல் கோட்பாடுகள், விமர்சனத்திலிருந்தோ தர்மசங்கடத்திலிருந்தோ அரசைக் காப்பாற்றுவதற்காகத் தகவலை மறைக்கக் கூடாது என்கின்றன. மக்கள் தொடர்புப் பணியில் பிரசாரத்துக்கு இடமில்லை என்றும் சொல்கின்றன. நடைமுறை எப்போதும் அப்படியே இருந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதற்காக, விதியை மீறியதைச் சாதனையாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாமா?

பதக்கத்தையே விளம்பரமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அழியாத உதாரணம் பாட் டில்மேன். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையினரின் குண்டுக்கே பலியானார். எதிரியின் தாக்குதலில் வீழ்ந்தார் என்ற எண்ணத்தைத் தரும் பாராட்டுரையோடு அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. நினைவுக் கூட்டமும் முடிந்து, வாரங்கள் கழித்துத்தான் உண்மை குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பதக்கப் பரிந்துரையில் துல்லியமற்ற தகவல்கள் இருந்ததை 2007 மார்ச்சில் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரே அறிக்கையில் ஒப்புக்கொண்டார். அவரது வீரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. கெட்டது, அதைச் சொன்னவர்களின் நம்பகம்.

படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ராணுவ எழுத்தாளர்கள், புகைப்படக்காரர்களுக்கான போட்டிகள் பல இருக்கின்றன. தரைப்படையில் இவற்றில் முக்கியமானது கீத் வேர் பெயரால் நடப்பது. 1941-ல் கட்டாய ஆள்சேர்ப்பில் சாதாரணச் சிப்பாயாக வந்து, 1944 டிசம்பரில் பிரான்சின் சிகோல்ஷைம் அருகே நடந்த சண்டைக்காக நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்று, பின்னாளில் தரைப்படையின் தலைமைத் தகவல் அதிகாரியாகவும் இருந்தவர். 1968 செப்டம்பரில் வியட்நாமில் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். இந்தப் போட்டிப் பரிசு மார்பில் அணியும் பதக்கம் அல்ல என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, பரிசு வாங்கியதால் பதக்கம் தானாக வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அடுத்தது, அலுவல் படங்களில் உள்ளடக்கத்தை மாற்றுவதற்குத் தடை இருக்கிறது. ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைச் சற்றுச் சரிசெய்வது வேறு. பின்னணியை மாற்றுவது வேறு. 2008 நவம்பரில், நான்கு நட்சத்திரத் தகுதி பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஜெனரலான ஆன் டன்வுடியின் திருத்தப்பட்ட படம் ஒன்று தரைப்படையிலிருந்து வெளியானது. உடனே அசோசியேட்டட் பிரஸ், பாதுகாப்புத் துறை தரும் படங்களைப் பயன்படுத்துவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது. ஒரு படத்தின் பின்னணிக்காக மொத்தத் துறையும் தலைகுனிய வேண்டியதாயிற்று.

நடைமுறைத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனக்குத் தானே பதக்கம் பரிந்துரைக்க முடியாது. செய்த வேலைகளைக் குறிப்பாக எழுதி மேலதிகாரியிடம் கொடுப்பது தவறல்ல. படைகளில் அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் உண்மையை அறிந்த ஒருவர் அதைச் சரிபார்த்துத் தன் பெயரில் அனுப்ப வேண்டும். ஒரே செயலுக்கு இரண்டு பதக்கங்கள் கிடையாது. ஆகவே வெள்ள நிவாரணத்துக்கு ஏற்கனவே ஒன்று வாங்கியவரின் பணிநிறைவுப் பரிந்துரையில் அதே நிவாரணத்தை மீண்டும் போடக் கூடாது. பணியிடம் மாறும்போதோ ஓய்வு பெறும்போதோ பதக்கம் தானாக வந்து சேரும் என்று விதியில் எங்கும் இல்லை.

காலக்கெடுவும் உண்டு. தரைப்படையில் பதக்கப் பரிந்துரை, பணி நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் அலுவல் வழியில் நுழைந்திருக்க வேண்டும். அது தவறினால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாக மறுபரிசீலனை கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்போதும் கேட்கப்படுவது அதே சாட்சிகளும் அதே காகிதங்களும்தான்.