பூனையிடம் சும்மா இருக்கப் பழகும்போது விடுகிற பிழைகள்

கிளிநொச்சிப் பக்கம் காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்குள் வந்தால் எலியும் வந்துவிடும். எலிக்குப் பின்னால் பூனை. எங்கள் விறாந்தையில் மூட்டைகளுக்கு அருகே ஒரு சாம்பல் பூனை மணிக்கணக்காக அசையாமல் இருப்பதைப் பார்த்துத்தான் எனக்கும் அப்படி இருந்து பார்க்க ஆசை வந்தது. பிழைகளும் நிறைய விட்டேன்.

முதலாவது, நேர் எதிரே குந்தி அதன் கண்ணையே பார்த்தது. பூனைக்கு அது சண்டைக்கு வா என்பது போல. எழும்பிப் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் இருங்கள். கண் சந்தித்தால் மெல்ல மூடித் திறவுங்கள். அப்படிச் செய்கிறவரைப் பூனைகள் கூடுதலாக நெருங்குகின்றன என்று 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். தூக்கி மடியில் வைப்பதா? வேண்டாம்.

அடுத்தது, கண்ணை மூடி மனதைக் காலியாக்கப் பார்த்தது. பூனை கண்ணை மூடினால் உலகமே இருண்டது என்று நினைக்குமாம். பாவம், வீண் பழி. அதன் காதைப் பாருங்கள். உடம்பு அசையாது, ஒரு காது மூட்டைப் பக்கம், மற்றது குசினிப் பக்கம் திரும்பும். நம் காது ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸோடு சரி. பூனைக்கு 60ஐயும் தாண்டும். எலிக்குஞ்சு கீச்சிடுவதில் நமக்கு எட்டாததும் அதற்கு எட்டும். சரி என்று நானும் கேட்கத் தொடங்கினேன்: வெயிலில் தகரம் படபடப்பது, கிணற்றடியில் வாளி.

பெரிய பிழை, பயந்து ஒடுங்கிய பூனையை அமைதியான பூனை என்று எடுப்பது. இரண்டும் அசையாது. ஆனால் பயந்ததன் காது தலையோடு தட்டையாக ஒட்டியிருக்கும், கண்மணி விரிந்திருக்கும். நிம்மதியானது முன்கால்களை நெஞ்சுக்கடியில் மடித்துத் தளர்ந்திருக்கும். வன்னியில் முப்பது வயது தாண்டியவர்களுக்கு முதல் வகை நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானம் இரையும்போது பங்கருக்குள் மூச்சை அடக்கி இருந்தவர்கள். அவர்களிடம் போய் "கண்ணை மூடு, அசையாதே" என்றால் உடம்பு பழைய இடத்துக்கே போகக்கூடும். அக்காவுக்கு அப்படித்தான். ஐந்து நிமிடத்தில் வேர்த்து எழும்பிவிட்டாள். இப்போது கண்ணைத் திறந்து, வாசலைப் பார்த்தபடி, சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டு இருக்கிறாள். கை அசைந்தால் என்ன? பூனை அவள் பக்கத்தில்தான் வந்து படுக்கிறது.

அப்புறம், நேரம் வைப்பது. நான் போனில் அரை மணிக்கு அலாரம் வைத்தேன். அது அடித்ததும் பூனை ஒரு பக்கம் ஓட, எலி மறு பக்கம் ஓடியது. அக்கா இரண்டு நாள் ஏசினாள்.