கார்புரேட்டரில் இறுகிப்போன மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றிய விதம்

பல மாதங்கள் ஓடாமல் நின்ற என் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய முனைந்தபோது, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூ மட்டும் அசையவே இல்லை. ஸ்க்ரூ தலையில் உள்ள காடியின் (வெட்டுப் பள்ளத்தின்) அகலத்துக்குப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்து அவசரமாகத் திருகியதில், மென்மையான பித்தளைத் தலையின் ஒரு பக்கம் பெயர்ந்து, மறுபக்கம் மழுங்கிவிட்டது. தவறு முழுவதும் என்னுடையதே.

மிதவை, டயாபிரம் (மெல்லிய ரப்பர் சவ்வு), எடுக்க முடிந்த ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை அகற்றி, பெட்ரோல் துளியும் இல்லாமல் உலர்த்திய பின், துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். மறுநாள் ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) ஸ்க்ரூ இருக்கும் துளையைச் சுற்றிலும் மிதமாகச் சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் எண்ணெய் விட்டேன். இதை மூன்று முறை செய்தேன். தீச்சுடரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

ஸ்க்ரூ குழிக்குள் ஆழமாக இருந்ததால் ரம்பத்தால் புதிய காடி வெட்ட வழியில்லை. ஆகவே, குழிக்குப் பொருந்தும் சிறு குழாயை வழிகாட்டியாகச் செருகி, ஸ்க்ரூ கழலும் திசையிலேயே, அதாவது இடப்புறம் சுழன்று வெட்டும் 2 மி.மீ. டிரில் பிட்டை மிகக் குறைந்த வேகத்தில் இறக்கினேன். பொன்னிறத் துகள்கள் சுருண்டு மேலேறின. சட்டென்று பிட் பித்தளையைக் கவ்வ, மெல்லிய கிறீச்சொலியுடன் ஸ்க்ரூ தானாகவே சுழன்று வெளிவந்தது. அதன் ஊசிமுனை ஒடியாமல் முழுதாக இருந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஸ்க்ரூவுடன் இருந்த ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் (சிறு ரப்பர் வளையம்) மூன்றும் உள்ளேயே தங்கியிருந்தன. வளைத்த மெல்லிய கம்பியால் அவற்றை எடுத்தேன். புதிய ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை திருகி, அழுத்தாமல் நிறுத்தி, கையேட்டில் கூறிய சுற்றுகள் அளவுக்குப் பின்னோக்கித் திருப்பிப் பொருத்தினேன்.