உள்ளூர்த் தொழில்முனைவோருக்கும் இளைஞர்களுக்கும் துணைநிற்கும் வழிகாட்டுதல் குழுவை அமைப்பது எப்படி?

சிறுதொழில் தொடங்கிய ஒருவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தடுமாறும்போது, அவர் தேடுவது பெரும்பாலும் இன்னொரு பயிற்சி வகுப்பையோ சான்றிதழையோ அன்று. அதே சந்தையில் அதே தடுமாற்றத்தைக் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தால் போதும் என்றுதான் அவர் ஏங்குகிறார். கென்யாவின் நைரோபி நகரில் டண்டோரா பகுதியில் சிறுவணிகம் செய்யும் பெண்களிடையே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த ஏக்கம் நியாயமானது என்று காட்டியது. ஒரு பிரிவினருக்கு வகுப்பறையில் வணிகப் பாடம் நடத்தப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, அதே பகுதியில் நன்றாகத் தொழில் நடத்தும் பெண் ஒருவர் வழிகாட்டியாக அமைந்தார். பாடம் கேட்டவர்களின் இலாபம் குறிப்பிடும்படி மாறவில்லை. வழிகாட்டி கிடைத்தவர்களின் இலாபம் சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. குறைந்த விலைக்குச் சரக்கு தருபவர் யார் என்பதைப் போன்ற, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத உள்ளூர் விவரங்கள் வழிகாட்டியிடமிருந்து வந்ததே அந்த உயர்வுக்கு முக்கியக் காரணம். ஆகவே வழிகாட்டிகளை வெளியூரில் தேட வேண்டியதில்லை.

குழுவைச் சிறிதாகத் தொடங்குங்கள். ஐந்து வழிகாட்டிகள், வழிகாட்டுதல் பெற ஐந்து பேர், பொறுப்பாக ஒருங்கிணைக்க ஒருவர். முதல் ஆண்டுக்கு இது போதும். வழிகாட்டியைத் தேடும்போது ஊரிலேயே பெரிய தொழிலதிபரின் வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றும். அவருடைய பெயர் அழைப்பிதழுக்கு அழகு சேர்க்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்க அவரால் இயலாது, தொடக்க நாள்களின் நெருக்கடியும் அவருக்கு மறந்து போயிருக்கும். புதியவரைவிட ஐந்து முதல் பத்து ஆண்டுகள் முன்னால் நடப்பவரே நல்ல வழிகாட்டி என்பது என் உறுதியான கருத்து. அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நீங்கள் நட்டப்பட்டது எதில்?’ என்பது. அதற்கு மனம் திறந்து பதில் சொல்பவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்ற கணக்காளர், வங்கி அலுவலர், ஆசிரியர் ஆகியோரையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1964 முதல் சிறுதொழில் செய்வோருக்கு வழிகாட்டிவரும் ‘ஸ்கோர்’ அமைப்பு, ஓய்வு பெற்ற நிருவாகிகளின் தன்னார்வ உழைப்பைக் கொண்டுதான் தொடங்கப்பட்டது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் குழுவில் இருந்தால், பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் முந்தியவை. வழிகாட்டியாக வருபவரைப் பற்றி அவரை நெடுநாள் அறிந்த குறைந்தது இரண்டு பேரிடம் விசாரியுங்கள். சட்டம் கோரும் பின்னணிச் சரிபார்ப்பு எதுவாயினும் அதை முடித்த பிறகே சேருங்கள். பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். சந்திப்பு நூலகம், சமுதாயக் கூடம் போன்ற, பலர் நடமாடும் இடங்களில் மட்டுமே நடக்க வேண்டும். நன்கு அறிமுகமானவர் என்பதற்காக ஒருவருக்கு இதில் விலக்கு அளித்தால், அன்றோடு அந்த விதி செத்துவிடும்.

இணை சேர்ப்பதில் அவசரப்படாதீர்கள். ஒரே தொழிலில் இருக்கும் இருவரைச் சேர்ப்பது இயல்பாகத் தோன்றினாலும், ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பவர்களாக அவர்கள் இருந்தால் பேச்சில் உண்மை இருக்காது. தொழில் தொடர்புடையதாகவும் வாடிக்கையாளர் வேறாகவும் இருப்பது நல்லது. இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு, யார் மீதும் குற்றம் சொல்லாமல் விலகிக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே ஒரு பக்க அளவில் உடன்பாடு ஒன்றை எழுதிக்கொள்வது அவசியம். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, எத்தனை மாதம் தொடர்வது, வரமுடியாதபோது எவ்வளவு முன்னதாகச் சொல்வது, பேசியதில் எதை வெளியே சொல்லக் கூடாது ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருவருக்கும் இடையே கடன் கொடுப்பதோ வாங்குவதோ, தொழிலில் பங்கு கேட்பதோ கூடாது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள், ஏனெனில் கடன் நுழைந்த இடத்தில் அறிவுரை கட்டளையாக மாறிவிடுகிறது. கால அளவைப் பொறுத்தவரை ஓர் ஆண்டுக்குக் குறைவாக ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்தவே விரும்புகிறேன். அமெரிக்கச் சிறார் வழிகாட்டுதல் திட்டம் ஒன்றைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளால் சிறுவர்கள் மிகுந்த பயன் பெற்றிருந்தனர். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, சிறுவர்களின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. பாதியில் விட்டுப்போகும் வழிகாட்டி பயனற்றவர் மட்டுமல்லர், தீங்கும் செய்துவிடுகிறார். நேரம் ஒதுக்க இயலுமா என்று ஐயப்படுபவரை, எவ்வளவு திறமையானவராயினும், அன்போடு மறுத்துவிடுங்கள்.

இனி, சந்திப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். துணிப்பை தைத்து விற்கும் இளம்பெண் ஒருவர் எதிரே உட்கார்ந்து, ‘ஆர்டர் நிறைய வருகிறது, கையில் மட்டும் காசு நிற்பதில்லை’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் செய், விலையை உயர்த்து என்று உடனே சொல்லத் தோன்றும் ஆவலை வழிகாட்டி அடக்க வேண்டும். ‘ஒரு பைக்கு என்னென்ன செலவு என்று எழுதிக் காட்டம்மா’ என்று கேட்டு, பேனாவை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். துணி, நூல், ஜிப் என்று மூன்று வரிகளோடு அவர் நிறுத்திவிடுவார். ‘துணி வாங்கப் போய்வந்த செலவு? வெட்டும்போது வீணான துண்டு? மின்கட்டணம்? ஊசி உடைந்தது?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கப் பட்டியல் நீளும். கடைசியாக, ‘உன் கூலி எங்கே?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. தன் உழைப்பைச் செலவாகவே எண்ணிப் பார்க்காத பழக்கம் சிறுதொழில்களை உள்ளிருந்தே அரிக்கிறது. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பதைக் குறித்து வைக்காதது அதற்கு அடுத்தது. இந்த இரண்டையும் அவரே தன் கையெழுத்தில் கண்டுபிடித்தால், விலையை என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிராது.

சந்திப்பு முடியும்போது, அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை அவரே தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதட்டும். ஐந்து வேலைகள் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அடுத்த முறை அந்த வரியிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். செய்யாமல் வந்திருந்தால் கடிந்துகொள்ளாமல், எது தடுத்தது என்று கேளுங்கள், பெரும்பாலும் உண்மையான சிக்கல் அந்தப் பதிலில்தான் ஒளிந்திருக்கும்.

அறிவுரைக்கு இணையான இன்னோர் உதவி, அறிமுகம். மொத்த வியாபாரியிடமோ வங்கி மேலாளரிடமோ புதியவர் தனியே போனால் வாசலோடு திரும்ப நேரலாம். வழிகாட்டி ஒருமுறை உடன் சென்று, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று சொன்னால் நாற்காலி கிடைக்கும். அங்கே பேச வேண்டியவர் புதியவர்தான் என்பதால், என்ன கேட்பார்கள், எந்த ஆவணங்களை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை முந்தைய நாளே அவரோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இன்னும் தொழில் எதையும் தேர்ந்தெடுக்காத இளைஞர்களுக்குக் கணக்கு நோட்டு உதவாது. அவர்களை ஒரு நாள் முழுவதும் வழிகாட்டியின் பணியிடத்தில் கூடவே இருக்கச் செய்யுங்கள். காலையில் சரக்கு இறங்குவதிலிருந்து, கோபமாக வந்த வாடிக்கையாளர் சமாதானமாகிப் போவது வரை நேரில் பார்க்கும் ஒருவருக்கு, அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்துகொள்வதும் பயன்தான்.

ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறை இருவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். வழிகாட்டிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடித் தங்கள் சிக்கல்களைப் பகிர வேண்டும். விற்பனை, கடன் பாக்கி, சொந்தக் கூலி எடுத்த மாதங்கள் என்று மூன்று குறிப்புகளைத் தொடக்கத்திலும், ஆறாவது மாதத்திலும், ஆண்டு முடிவிலும் பதிந்து வைத்தால் முன்னேற்றத்தை அளக்க அதுவே போதும்.

மேலே சொன்ன நைரோபி ஆய்வில், வழிகாட்டியோடு தொடர்பு விட்டுப்போன பிறகு கிடைத்த பயனும் படிப்படியாகத் தேய்ந்தது. ஆகையால் ஆண்டு முடிந்ததும் சட்டென்று கைவிடாமல், சந்திப்புகளை மாதம் ஒன்றாகவும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்றாகவும் குறைத்துக்கொண்டு செல்லுங்கள். அந்த இடைவெளியில், முதல் ஆண்டில் வழிகாட்டப்பட்ட ஐந்து பேரும் தங்களுக்குள் மாதந்தோறும் கூடிக் கணக்கு நோட்டுகளை மாற்றிப் பார்த்துக்கொள்ளப் பழக்கிவிட்டு, பின்வரும் ஆண்டுகளுக்கான வழிகாட்டிகளை அவர்களிடையே முதலில் தேடுங்கள்.