அம்பாசிடரின் முன் சக்கரங்களை டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுவது எப்படி?

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (உருளைக்குள் ஷூ விரிந்து அழுத்தும் வகை) உள்ள பழைய அம்பாசிடர் ஊருக்குள் ஓடும்வரை தொல்லை தராது. மலையிறக்கத்தில்தான் சாயம் வெளுக்கும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, பிரேக் பிடிமானம் குறைந்துகொண்டே வரும். முன்னால் டிஸ்க் (சுழலும் தட்டை இருபுறமும் பேட் கவ்விப் பிடிக்கும் வகை) போட்டால் இது பெருமளவு தீரும்.

முதலில் சாமான். முன் டிஸ்க்கோடு வந்த பிந்தைய 1800 ஐஎஸ்இசட் மாடல் அம்பாசிடரின் டிஸ்க், காலிபர் (பேடை அழுத்தும் கவ்வி), ஹப் (வீல் மாட்டும் நடுப்பகுதி), ஸ்டப் ஆக்ஸில் (ஹப் சுழலும் தண்டு) எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். வேறு கார் காலிபரை வெல்டிங் வைத்துப் பொருத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹோஸ், பேட், பேரிங் புதிதாகவே இருக்கட்டும்.

அதோடு மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரும், பெடல் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில் டிஸ்க்குக்கான இரட்டை வகையும் வேண்டும். இதில் சிக்கனம் பார்த்து நான் பட்டிருக்கிறேன். பழைய சிலிண்டரையே விட்டு டிஸ்க் மாட்டினேன். பத்து கிலோமீட்டர் போனதும் கருகல் வாடை. முன் வீல் நட்டில் விரல் வைக்க முடியவில்லை. டிரம்முக்கான சிலிண்டரில் காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் பேட் விடாமல் உரசும். பூஸ்டர் எதற்கு? சக்கரம் சுழலும் வேகமே டிரம்முக்குள் ஷூவை இழுத்துப் பிடிக்கும். பேடுக்கு அந்த உதவி கிடையாது, எல்லாம் உங்கள் கால் பலம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். பழைய ஷூவின் லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டிரம்மையும் ஸ்டப் ஆக்ஸிலையும் கழற்றிவிட்டு புது செட்டை மாட்டி, வீலைப் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிபர் ரிம்மில் இடிக்கக் கூடாது.

அப்புறம் பூஸ்டர், சிலிண்டர், பைப். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றுங்கள். பெயிண்டில் சிந்தினால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி முன் வலதில் முடியுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்லவேண்டும். குமிழி நிற்கும்வரை இதே வேலைதான். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளச் சாலையில். 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, பத்துமுறை செய்தால் பேட் படியும். அழுத்தி மிதிக்கையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் விலகினால் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேவை. அதைப் போட்டு, ஒருமுறை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு மலைக்குப் போங்கள்.