பி1-இல் நின்றுபோன என் பிரெஞ்சு

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில்தான் படிக்கிறேன். பிரெஞ்சு மொழித் தகுதித் தேர்வான டெல்ஃபில் பி1 நிலை தேறிவிட்டேன். வாசித்தால் புரியும், வேகமாகப் பேசினால் பாதி நழுவிவிடும். அடுத்த நிலையான பி2-வில் கேட்டலுக்கு 25 மதிப்பெண், 5-க்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு.

சொற்பட்டியல், இலக்கணப் பயிற்சி எதுவும் உதவவில்லை. சப்டைட்டிலோடு படம் பார்த்தால் காது தூங்கிவிடுகிறது.

சரி என்று எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் பேட்டிகளை எடுத்து, கொஞ்சம் கேட்டு, எழுதி, ஒப்பிட்டேன். விட்டுப்போனவை எல்லாம் தெரிந்த பொடிச் சொற்கள்! ‘ஜ ந சே பா’ (எனக்குத் தெரியாது) பேச்சில் ‘ஷே பா’ ஆகிறது. ‘இல் யா’ (இருக்கிறது) வெறும் ‘யா’. நம் ‘போயிற்று’ ‘போச்சு’ ஆவதுபோல.

அப்புறம் அந்த வரிகளை அதே வேகத்தில், விழுங்கவேண்டியதை விழுங்கி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். வாய்க்கு வந்தது காதுக்கும் பிடிபட்டது. மாதிரித் தேர்வில் கேட்டல் இப்போது தேறுகிறது, அப்பாடா.