கிரில் சாவிக்கு ஓர் ஆணி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் முன்வாசலுக்குக் கிரில், பின்வாசலுக்குக் கிரில், ஜன்னலுக்கும் கிரில். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவரை கதவைச் சாத்தினால் போதும். இங்கே திருட்டுப் பயம். பூட்டாதீர்கள் என்று சொல்லமாட்டேன். தன்னார்வத் தீயணைப்பாளராகப் பல வருஷம் இருந்தவன் நான். தீ பிடித்தால் சாவி உடனே கைக்குக் கிடைக்குமா என்பதுதான் என் கவலையெல்லாம். பூட்டிய கதவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன்.

நியூயார்க்கில் 1910-இல் தீயணைப்பு ஆணையரானவர் ரைன்லேண்டர் வால்டோ, முன்னாள் ராணுவக்காரர். 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் 8, 9, 10-ஆம் மாடிகள் எரிந்தன. அவருடைய ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் ஏணி 6-ஆம் மாடிவரைதான் எட்டியது. 9-ஆம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க முதலாளிகள் செய்த ஏற்பாடு அது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். மே மாதம் வால்டோ போலீஸ் ஆணையராகப் போய்விட்டார். தீ பிடிக்கும் முன்பே கட்டடங்களைச் சோதித்து உத்தரவு போட, தீயணைப்பு ஆணையருக்கு விரிவான அதிகாரம் தந்த சட்டம் அக்டோபரில்தான் வந்தது.

நம் வீட்டுக்கு நாம்தான் ஆணையர். முதலில் ஓர் ஆணி அடியுங்கள். உள்ளே கிரில் பக்கத்தில் நின்றால் கை எட்டவேண்டும், வெளியிலிருந்து கம்பி விட்டு இழுக்க முடியக்கூடாது. வீட்டுச் சின்னப்பிள்ளையும் எடுக்கும் உயரம் போதும். அந்தச் சாவியைக் கார் சாவிக் கொத்தில் சேர்க்காதீர்கள். ஒருநாள் ராத்திரி கரண்ட் போனபோது இருட்டில் தடவிப் பார்த்தேன், ஆணி காலி. மகள் காலையில் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்போது சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி ஆணியை விட்டு இறங்குவதே இல்லை. வெளியே போகிறவர்களுக்கு வேறு சாவி.

பூட்டு துருப்பிடித்தால் மாற்றிவிடுங்கள். மோட்டார்சைக்கிளை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். படுக்கையறையில் ஒரு ஜன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

அப்புறம், ஒரு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து வாசல்வரை தவழ்ந்து வந்து பூட்டைத் திறந்து பாருங்கள். புகை மேலேதான் திரளும், அதனால் தரையோடு வரவேண்டும். எல்லாரும் எதிர்வீட்டு விளக்குக் கம்பத்தடியில் கூடி, தலையை எண்ணி, அவசர எண் 999-க்குக் கூப்பிடுங்கள். வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக்கூடாது. பாட்டியை யார் கூட்டி வருவது என்று இன்றைக்கே பேர் சொல்லி வையுங்கள்.